பட்டியலில் இல்லாத ஐந்தாவது ஆள்

பொன்னுத்துரை வீட்டில் தினமும் ஐந்து பேருக்குச் சோறு வடிப்பார்கள். வார்டு ஆபீசில் முத்திரை குத்திக் கொடுத்த வீட்டுப் பட்டியலில் இருப்பதோ நான்கு பேர்: பொன்னுத்துரை, அவர் மனைவி விஜயகுமாரி, மூத்தவன் முரளிதரன், இளையவன் கார்த்திகேசன். ஐந்தாவது ஆள்தான் அந்தச் சோற்றை வடிப்பவள். செல்லக்கண்ணு என்று பெயர். பதினேழு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறாள். சர்க்காரைக் கேட்டால் அப்படி ஒருத்தியே கிடையாது என்பார்கள்.

பர்மாவில் போகலேப் பக்கம் ஒரு வயல்காட்டில் பிறந்தவள். அப்பா மாரிச்சாமி அடுத்தவர் நிலத்தில் நெல் போட்டுப் பிழைத்தவர். நர்கிஸ் புயல் வந்த இரவு வீடு, அப்பா, அம்மா, தம்பி, எருமை எல்லாம் தண்ணீரோடு போயின. பத்து வயதுப் பெண் ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு மிஞ்சினாள். நிவாரண முகாமுக்கு அரிசி கொண்டுபோன கோயில்காரர்களோடு விஜயகுமாரியும் போயிருந்தாள். வரும்போது பிள்ளையைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். தத்து எடுத்தோம் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். தத்து எடுத்த பிள்ளையிடம் மறுநாளே கரிப்பாத்திரத்தை எதற்குக் கொடுத்தீர்கள் என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.

அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்குத் துணி உண்டு, காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு. பள்ளிக்கூடம் கிடையாது, சம்பளம் கிடையாது, அடையாள அட்டை கிடையாது. அந்த அட்டை இல்லாதவளுக்கு வேறு வீட்டில் வேலை தரமாட்டார்கள், வாடகைக்கு அறை தரமாட்டார்கள், போனுக்கு ஒரு சிம் தரமாட்டார்கள். சாலையில் சோதனை போட்டால் அள்ளிக்கொண்டு போவார்கள். பொன்னுத்துரை வருஷத்துக்கு ஒருமுறை, "நாளைக்குப் போய் எழுதிருவோம்" என்பார். விஜயகுமாரி பக்கத்து வீட்டுக்காரியிடம் உண்மையைச் சொன்னாள்: "கார்டு கையில வந்துச்சுன்னா மலேசியாவுக்குப் பறந்துருவா. அப்புறம் நான் யாரைத் தேடுவேன்?" செல்லக்கண்ணு அப்போது அவளுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இதற்கு அடிமைத்தனம் என்று பெயர் சொன்னால் அந்தக் குடும்பத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கார்டு வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். இருபது வயதில் யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்டுடியோவில் போய்க் கார்டுக்கான படம் எடுத்துக்கொண்டாள். ஆறு பிரதிகள். அதை மஞ்சள்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். படத்திலிருந்த முகம் வேறு, அவள் முகம் வேறு என்று ஆகும்வரைக்கும் யாரும் அதைக் கேட்கவில்லை.

அவள் வந்தபோது கார்த்திக்கு மூன்று வயது. அவள் மடியில்தான் தூங்குவான். அவள் ஊட்டினால்தான் வாயைத் திறப்பான். பத்து வயதுவரை பையும் தூக்கு வாளியுமாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவள் அவள். அவனுக்கு அவள் "செல்லி". மூத்தவன் "ஏய்" என்பான். அவள் இருவருக்குமே மூத்தவள்தான். ஆனாலும் அக்கா என்று கூப்பிடச் சொல்லி அந்த வீட்டில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை. இருந்தாலும் கார்த்தி "செல்லி" என்று மாடிப்படியிலிருந்தே கத்திக்கொண்டு வருவதைக் கேட்டால் அவளுக்கு வயிறு குளிரும்.

இனி கோயில் கதைக்கு வருவோம். அவர்கள் குடியிருந்த க்யிம்யிண்டைங்கில் படகுத்துறையை ஒட்டி ஒரு மாரியம்மன் கோயில். அதன் சாவியை மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் இடுப்பில் முடிந்து வைத்திருந்தது. கடைசியாக முடிந்திருந்தவர் ரெங்கசாமி. கோயிலைத் தன் வீட்டுக் கொல்லையாக நினைத்தவர். போன வருஷம் அவர் மகன் மடப்பள்ளியில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கப்போய், தெருவே திரண்டுவிட்டது. அந்தக் கூட்டத்தில் முன்னால் நின்று சாவியைப் பிடுங்கியவர் பொன்னுத்துரை. துறைக்கு எதிரே கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர், அதிகம் பேசாதவர், பேசினால் அதைவிட்டு நகராதவர். இனிமேல் பரம்பரைத் தர்மகர்த்தா கிடையாது, தேர்ந்தெடுத்த கமிட்டிதான் என்று அம்மன் முன்னால் எல்லாரையும் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அணைத்தார்கள்.

அப்போது ஊரில் பெரிய பயம் பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பது. கோயிலைச் சுற்றியுள்ள இரண்டு தெருவிலிருந்து இந்தத் தடவை இரண்டு பையன்கள் வேண்டும், தீமிதி முடிந்ததும் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்போம் என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். முரளிக்கு இருபத்துநாலு, கார்த்திக்கு இருபது. யாரையாவது பார்த்துத் தங்கள் பெயரை எடுத்துவிடும்படி இருவரும் தகப்பனைக் கெஞ்சினார்கள். "எல்லா வீட்டுப் பிள்ளையும் சீட்டுல இருக்கு. நம்ம வீட்டுதும் இருக்கட்டும்" என்றார் அவர். விஜயகுமாரி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். அவர் அசையவில்லை.

பயந்த பிள்ளைகள் எங்கே போவார்கள்? கூப்பிடுகிற இடத்துக்குப் போவார்கள். ரெங்கசாமி கூப்பிட்டார்.

தீமிதிக்கு ஒரு நடைமுறை உண்டு. பூக்குழி இறங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமை காப்புக் கட்டிக்கொண்டால் பத்து நாள் கோயிலிலேயே படுக்க வேண்டும். காப்போடு தெரு எல்லையைத் தாண்டக் கூடாது. கூட்டம் கூடுவதற்கு அனுமதி வாங்க வேண்டியிருப்பதால் பெயர், வயது, கார்டு நம்பர் எல்லாம் எழுதி ஒரு பட்டியல் தயாராகும். இந்த வருஷம் முப்பது பையன்கள். முதல் இரண்டு பெயர் பொன்னுத்துரை பிள்ளைகளுடையது. பட்டியல் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். பொன்னுத்துரை கடையில், விஜயகுமாரி கோயிலில். செல்லக்கண்ணு பின்பக்கத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். முன் அறையில் ரெங்கசாமியின் குரல் கேட்டது. இந்த மனிதர் எப்படி இந்த வீட்டுக்குள் வந்தார் என்று கொடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

"பின்னால யாரோ இருக்காப்ல இருக்கே?" என்றார் ரெங்கசாமி.

"அவளா? அவ ஆளே இல்ல. பட்டியல்லயே இல்லாதவ" என்றான் முரளி.

பிறகு பர்மிய மொழியில் பேசினார்கள். வீட்டுக்குள் தமிழே பேசுகிறவள் என்பதால் அவளுக்குப் பர்மியம் தெரியும் என்பது முரளிக்கு மறந்தே போய்விட்டது. வயல்காட்டில் எருமையோடும் அவள் பர்மியம்தான் பேசினாள். ஒரு சொல் விடாமல் புரிந்தது. வெள்ளிக்கிழமை காப்புக் கட்டி முடிந்ததும் லாரி வரும். பட்டியலில் உள்ளவர்களை ஒட்டுமொத்தமாக ஏற்றுவார்கள். இரண்டு கேட்ட இடத்தில் இத்தனை பேர் கிடைத்தால் வார்டுக்காரனுக்கும் கொண்டாட்டம். பிள்ளைகளைக் கோயிலுக்குள் அடைத்துவைத்துக் காட்டிக் கொடுத்தது கமிட்டிதான் என்று தாய்மார்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள், கமிட்டி கலையும், சாவி ரெங்கசாமியின் இடுப்புக்குத் திரும்பும். பட்டியலைப் பார்த்து இன்னொரு பட்டியல் எழுதுவார்கள். அதில் முரளி, கார்த்தி பெயர் இருக்காது.

இரண்டு குரல்தான் அவளுக்குக் கேட்டது. கார்த்தி காலையிலேயே உடுக்கையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனவன். அவன் இதில் இல்லை, அவனுக்குத் தெரியாமல் இவன் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய கேடுகாலம், அப்படியே நம்பிவிட்டாள்.

மறுநாள் துணி துவைக்கும்போது வழக்கப்படி சட்டைப் பைகளைப் பார்த்தாள். முரளியின் சட்டையில் நாலாக மடித்த காகிதம். வரிசை வரிசையாக எழுத்து, பக்கத்தில் எண்கள். எண்கள் தெரியும்; எழுத்துத் தெரியாது. அடித்துத் திருத்திய படி என்று மட்டும் புரிந்தது. நல்ல படி ரெங்கசாமியிடம் போயிருக்கும்.

அய்யாவிடம் சொல்லலாம். ஆனால் உன் மகன் இப்படி என்று எந்த வாயால் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு வாயை மூடச் சொல்வாள். பேசாமல் இருந்துவிடலாம் என்றும் நினைத்தாள். பட்டியலில் இல்லாதவளுக்கு எந்த லாரி வந்தால் என்ன? ஆனால் அந்த முப்பதில் பாதிப் பேரின் தாய்மார்களோடு மடப்பள்ளியில் அவள் மாவு இடித்திருக்கிறாள். கூழ் கொதிக்கிற அண்டாவுக்கு முன்னால் நின்று அவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசிப் பேசி மாய்வதைக் கேட்டிருக்கிறாள். காகிதத்தை ரவிக்கைக்குள் செருகி, கீரைக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கமிட்டிச் செயலாளர் சின்னத்தம்பி நகரத்து நடுவில் பபேடானில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பஸ்ஸில் போனால் நடுவில் இறக்கிக் கார்டு கேட்பார்கள். ஆகவே நடந்தாள். பெரிய ரோட்டை விட்டு, சந்து சந்தாக, பட்டாளத்து ஆள் நிற்கிற ஒவ்வொரு முனையிலும் திரும்பி வேறு சந்தில் புகுந்து, அந்த வெயிலில் இரண்டு மணி நேரம். ஒரு முனையில் எதிரே வந்த சிப்பாய் அவளைப் பார்த்தான். அவள் குனிந்து, கூடையில் இருந்த கீரையை அடுக்குவதுபோல் பாவனை செய்தாள். அவன் போய்விட்டான். 

சின்னத்தம்பி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதத்தை வாசித்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். "இருபத்தெட்டு" என்றார். எந்த இரண்டு பெயர் இல்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"அய்யா, முரளித் தம்பி ஏதோ புத்தி கெட்டுச் செஞ்சுருச்சு. காப்பை மட்டும் தள்ளி வச்சிருங்க. வீட்டு அய்யாவுக்குத் தெரிய வேண்டாம்."

"நான் பார்த்துக்கிறேன், நீ போம்மா."

"சத்தியமா?"

"போம்மா, பார்த்துக்கிறேன்."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சத்தியம் பண்ணவில்லை என்பதைத் திரும்பி நடக்கும்போதுதான் அவள் யோசித்தாள்.

வியாழக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. பிள்ளைகளின் தாய் தகப்பன் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். மடப்பள்ளி வாசலில் செல்லக்கண்ணு சாணி மெழுகிக்கொண்டிருந்தாள். சின்னத்தம்பி விஷயத்தைச் சொல்லிக் காகிதத்தைப் பொன்னுத்துரை கையில் கொடுத்தார். பெண்கள் அலறிய அலறலில் புறாக்கள் எல்லாம் பறந்தன. பொன்னுத்துரை காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பிறகு தலையைத் தூக்கினார். மூத்தவனைப் பார்க்கவில்லை.

"கார்த்தி, இது உன் கையெழுத்தா?"

செல்லக்கண்ணுவின் கை மெழுகிய இடத்திலேயே நின்றுவிட்டது.

முரளிக்குக் கோழிக் கிறுக்கல். அதனால் அண்ணன் சொல்லச் சொல்லத் தம்பி எழுதியிருக்கிறான். கோயிலிலிருந்து அவள் பார்க்காமல் திரும்பி வந்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் வாய் திறக்காமல் உட்கார்ந்து, கூடப் படித்தவன், பந்து விளையாடியவன், பக்கத்து வீட்டுக்காரன் என்று இருபத்தெட்டுப் பேரையும் எழுதியிருக்கிறான். அவளுக்கு எழுத்துத் தெரிந்திருந்தால், பள்ளிக்கூடத்துக்குப் பை மட்டும் தூக்கிப் போனவளாக இல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கையெழுத்தை அடையாளம் கண்டிருப்பாள். கண்டிருந்தால் அந்தக் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்திருப்பாளா? அதை நினைத்துத்தான் பிற்பாடு பல நாள் அவள் செத்துப் பிழைத்தாள்.

"உன் கையெழுத்தான்னு கேட்டேன்."  மூன்றாவது முறையும் கேட்டார். கார்த்தி அழ ஆரம்பித்தான்.

சின்னத்தம்பி நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பயப்படாம கொண்டாந்தது யாரு தெரியுமா? உங்க வீட்டுச் செல்லக்கண்ணுதான். அந்தப் பொண்ணு காலைத் தொட்டுக் கும்பிடணும்."

கார்த்தி திரும்பினான். சாணி வாளியோடு நிற்கிறவளைப் பார்த்தான். அவ்வளவுதான்.

பொன்னுத்துரை காகிதத்தை மடித்தார். கமிட்டிக்காரர்கள், சின்னப் பிள்ளைகள்தானே, பயத்தில் செய்துவிட்டார்கள், கோயிலை விட்டுத் தள்ளி வைத்தால் போதும் என்றார்கள். சிலர் அழுதார்கள்கூட. "வார்டுக்கு ரெண்டு பேர் வேணும். சீட்டுக் குலுக்க வேண்டாம்னு சொல்லிருங்க. என் வீட்டுல ரெண்டு பேர் இருக்கான்" என்றார் அவர். குரல் உயரவே இல்லை. விஜயகுமாரி தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. கோயில் பூட்டிக் கிடந்தது. பையன்கள் ஊருக்கு ஒருவராகக் கலைந்து போயிருந்தார்கள். ரெங்கசாமிக்கு ஒரு மயிரும் உதிரவில்லை. அவர் அதற்கு முன்பே எங்கேயோ கிளம்பிவிட்டார்; சுகமாக இருப்பதாகத்தான் கேள்வி. பொன்னுத்துரை பிள்ளைகள் இருவரையும் அறையில் விட்டு, அவர்கள் கார்டுகளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கதவைக்கூடப் பூட்டவில்லை. கார்டு இல்லாதவர்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்று அவருக்குத் தெரியும். செல்லக்கண்ணுவுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

அவள் தட்டில் சோறு போட்டு உள்ளே கொண்டுபோனாள். "கார்த்தி, நீ இருக்கன்னு எனக்குத் தெரியாதுடா. சத்தியமாத் தெரியாது." அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். தட்டு அப்படியே திரும்பி வந்தது. திங்கட்கிழமை காலை தகப்பனே இருவரையும் வார்டு ஆபீசுக்கு நடத்திக் கூட்டிப் போனார். முரளி தெருமுனைவரை கதறினான். கார்த்தி கதறவில்லை.

அன்று மத்தியானம் விஜயகுமாரிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பேச்சு போகவில்லை. ஆனால் செல்லக்கண்ணுவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் கையால்தான் சாப்பிட வேண்டும், அவள் தூக்கினால்தான் எழுந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் திறப்பாள்.

செல்லக்கண்ணுவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இரண்டு தெருவும் பேசியது. சின்னத்தம்பியே ஆபீஸ் ஆபீசாக அலைந்தார். ஒருநாள் விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"தகப்பன் பேரு?"

"மாரிச்சாமி."

"மாரிச்சாமிக்கு ஏதாவது காகிதம் இருக்கா?"

புயலில் போனவருக்குக் காகிதம் எங்கிருந்து வரும்? சின்னத்தம்பி பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கயிற்றுக் கண்டு சுற்றிக்கொண்டிருந்த பொன்னுத்துரை தலை நிமிராமல் சொன்னார்: "என் பேரைப் போடுங்க. மகள்னு எழுதுங்க. வீட்டுலதான் ரெண்டு இடம் காலியா இருக்கே."

மூன்று மாதத்தில் கார்டு வந்தது. டப்பாவில் இருந்த படம் ஆகாது என்று புதிதாக எடுத்தார்கள். கோயிலில் வைத்து மாலை போட்டு, சால்வை போர்த்தி, கார்டை அவள் கையில் கொடுத்தார்கள். பர்மிய வழக்கப்படி மரியாதை அடைமொழியோடு, மா செல்லக்கண்ணு, தகப்பன் ஊ பொன்னுத்துரை. அந்த இருபத்தெட்டுப் பேரின் தாய்மாரில் சிலர் உண்மையாகவே அவள் காலைத் தொட வந்தார்கள். அவள் ஓடிப்போய் மடப்பள்ளியில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா மாரிச்சாமியை இரண்டாவது முறை தண்ணீரில் விட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

இப்போது அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் காலையில் எழுந்தால் ஒரு பக்கம் விழுந்துபோன மனுஷி கட்டிலில் கிடக்கிறாள். உலை வைக்க வேண்டியிருக்கிறது.

முரளி எல்லைப் பக்கம் போய் இரண்டு மாதமாகச் சேதி இல்லை. கார்த்தி நகரத்துக்கு வடக்கே ஒரு முகாமில் இருந்தான். வேறு இடத்துக்கு அனுப்பும் முன் குடும்பத்தார் ஒருவர் பார்க்கலாம், வீட்டுப் பட்டியலும் கார்டும் காட்ட வேண்டும் என்று தகவல் வந்தது. பொன்னுத்துரை கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் விஜயகுமாரி வாயைத் திறந்தாள்.

"நீ போ. உன்னை விடுவாங்க."

பல மாதத்துக்குப் பிறகு அவளிடம் சொன்ன முதல் வார்த்தை. செல்லக்கண்ணு விடியுமுன் எழுந்து புளிச்சோறும், அவனுக்குப் பிடித்த நெத்திலி வறுவலும் செய்து அடுக்குத் தூக்கில் வைத்தாள். பஸ்ஸில் போனாள். வழியில் இறக்கிக் கார்டு கேட்டார்கள். நீட்டினாள். சிப்பாய் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இத்தனை வருஷம் பயந்து செத்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானா என்று ஆத்திரமாக வந்தது.

முகாம் வாசலில் காவலன் கார்டையும் பட்டியலையும் ஒத்துப் பார்த்தான். "அக்காவா?" என்றான். "ஆமாம்" என்றாள். உள்ளே போனான். வெயில் ஏறியது. மற்றவர்களின் பிள்ளைகள் மொட்டைத் தலையோடு வந்து வேலியோரம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெகு நேரம் கழித்துக் காவலன் தனியாக வந்தான். கார்டைக் கொடுத்தான்.

"தனக்கு அக்கா கிடையாதாம். யாரோ ஆள் மாறி வந்திருக்காங்கன்னு சொல்றான்."

 தூக்கையாவது கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அவனுக்குப் பாவமாகப் போயிற்றோ என்னவோ, வாங்கிக்கொண்டு போய், காலித் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். யார் சாப்பிட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விஜயகுமாரி கட்டிலில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேம்மா."

"சாப்பிட்டானா?"

"எல்லாம் சாப்பிட்டான். நெத்திலி ஒண்ணு விடல." தூக்கைத் திறந்து காட்டினாள்.

"என்ன சொன்னான்?"

செல்லக்கண்ணுவுக்கு வேறு எதுவும் வரவில்லை. "அக்கான்னு கூப்பிட்டாம்மா" என்றாள்.

விஜயகுமாரி தூக்கை விட்டு அவளைப் பார்த்தாள். ஒரு பக்கத்துக் கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது.

"உன்னை அவன் ஒருநாளும் அக்கான்னு கூப்பிட்டதில்லையேடி" என்றாள்.

 செல்லக்கண்ணு கார்டை மஞ்சள்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். தூக்கைக் கழுவிக் கவிழ்த்தாள். உலைக்கு அரிசி அளந்தாள். மூன்று பேருக்குத்தான் வேண்டியிருந்தது.